ஹவுஸ்ஃபுல் போட்டோவுக்கு மூன்று பல்பு

சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தவனுக்குச் சினிமாவைப் பற்றி அதிகம் தெரியாது. ஜனங்களைப் பற்றித்தான் தெரியும். நீங்கள் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவராகவோ, பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவராகவோ, வாத்தியாராகவோ இருந்தால் இதைப் படிக்கும்போதே தலையில் கைவைத்துக்கொள்வீர்கள். பொதுஜனத்தோடு மாரடித்த நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த சமயத்தில் நான் மலாக்கா காஜா பேராங்கில் ஒரு தகரக் கொட்டகையில் போட்டோ ஆளாக இருந்தேன். அப்படி ஓர் உத்தியோகம் உண்டா என்று என் மாமனார்கூடக் கேட்டிருக்கிறார். உண்டு. கம்பெனி அனுப்புகிற சினிமாப் போட்டோக்களை வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்ட வேண்டும். இடைவேளையில் கதவு திறக்க வேண்டும். சொந்தமாக ஒரு பழைய கேமராவும் வைத்திருந்தேன், அதனால் முதலாளி வீட்டு விசேஷங்களுக்கும் நானே போக வேண்டும்.

முதலாளி ராவுத்தர். ஜாலான் பெண்டஹாராத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். சினிமாவே பார்க்கமாட்டார். ஆனால் கொட்டகையை மட்டும் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல.

ஈப்போவில் தங்கிவிட்ட புலி

ஒரு புதுப் படம் சிங்கப்பூரில் ஓடி, கோலாலம்பூரில் ஓடி, ஈப்போ, பினாங்கு என்று ஊர் சுற்றி, மலாக்கா டவுனில் இருந்த பெரிய கொட்டகைகளிலும் ஓடிக் களைத்த பிறகுதான் எங்களிடம் வந்து சேரும். வரும்போது அங்கங்கே அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து, கந்தலாக இருக்கும். எங்கள் ஆபரேட்டர் அந்தோணி கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து தையல்காரரைப்போல வேலை பார்ப்பார். போட்டோக்கள் மட்டும் பன்னிரண்டும் பத்திரமாக வரும். அவற்றைத்தான் யாரும் ஓட்டுவதில்லையே!

ஒரு படத்துக்கு, கதாநாயகன் புலியோடு கட்டிப் புரளுகிற போட்டோ வந்தது. அதைப் பெட்டிக்கு நடுவில் வைத்தேன். கித்தா (ரப்பர்) தோட்டத்திலிருந்து காளிமுத்து என்று ஒருவர் பெண்டாட்டி, நான்கு பிள்ளைகள், மச்சினன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு புலிக்காகவே வந்தார். படம் முடிந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். அந்தக் குடும்பம் மட்டும் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. "அண்ணே, அந்தக் காட்சி ஈப்போவிலேயே அறுந்துபோச்சு" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் கடைசிப் பிள்ளையை மடியில் சரியாக உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்: "அதனால என்னா தம்பி, ஈப்போவுல இருந்து புலி வர்ற வரைக்கும் நாங்க இப்படியே இருக்கோம். நீங்க போயிச் சாப்பிட்டு வாங்க."

ஊஞ்சலில் முடிந்த கதை

காஜா பேராங்கில் எங்களுக்கு நிரந்தர ரசிகர்கள் மலாக்காச் செட்டிகள். பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடுவது நம் சாமி, வாயைத் திறந்தால் மலாய். தமிழ் வசனம் அவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் ஒரு தமிழ்ப் படத்தை விடமாட்டார்கள். இதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி முன்னே நின்று, பன்னிரண்டு போட்டோக்களையும் இடமிருந்து வலமாகப் பார்த்து, கதை இன்னதென்று தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டு உள்ளே போவார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தலைவி லெட்சுமி. கெபாயாவும் சாரோங்கும் உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, பிள்ளை குட்டிகளோடு வருவார். காக் லெட்சுமி என்று கூப்பிடுவோம். காக் என்றால் அக்கா.

ஒருநாள் கடுமையான ஜலதோஷம். தும்மிக்கொண்டே போட்டோக்களைத் தலைகீழ் வரிசையில் குத்திவிட்டேன். முதலில் கைம்பெண் கதறுகிறாள், அடுத்து ஜெயில், அப்புறம் கல்யாணம், கடைசியில் ஒரு சின்னப் பெண் ஊஞ்சல் ஆடுகிறாள். காக் லெட்சுமி அதைப் பார்த்து, இவ்வளவு துன்பப்பட்டவள் அடுத்த பிறவியில் சந்தோஷமாகப் பிறக்கிறாள் என்று கதை கட்டி, கூட வந்தவர்களுக்கும் சொல்லி, எல்லாரும் நிம்மதியாக உள்ளே போனார்கள். திரையிலோ ஊஞ்சல் முதலில் வந்துவிட்டது. கைம்பெண்ணோடு படம் முடிந்தது. வெளியே வந்த காக் லெட்சுமி என்னைக் கூப்பிட்டு மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "மேலே இருக்கிற அந்தோணி ரீலை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டார். உன் பெட்டியில் இருப்பதுதான் சரியான கதை. அவரிடம் சொல்லு, திட்டாதே."

அளவு நாடா

இப்படியே எங்கள் காலம் ஓடியிருக்கும். ஒருநாள் படக் கம்பெனியின் ஏஜெண்ட் சிங்கப்பூரிலிருந்து வந்தார். ராவுத்தர் அவரிடம், தீபாவளிக்கு வரும் புதுப் படத்தை எங்களுக்கும் முதல் நாளே அனுப்ப வேண்டும் என்று கேட்டார். சிங்கப்பூர்க்காரர் தகரக் கூரையைப் பார்த்தார். மரப் பெஞ்சுகளைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். "இங்க யாரு வரப்போறா? கொட்டகை நிறைஞ்சிருக்கிற போட்டோ ஒண்ணு காட்டுங்க, அனுப்புறேன். ஆளும் தெரியணும், ஓடுற படமும் தெரியணும். கல்யாண வீட்டுக் கூட்டத்தைப் பிடிச்சு அனுப்பி என்னை ஏமாத்தினவங்க நிறைய பேரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி அளவு நாடாவோடு வந்தார். கொட்டகையின் நீளம் அகலம் அளந்தார். பெஞ்சுகளை எடுத்துவிட்டால் எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று சுவரில் பென்சிலால் எழுதினார். தீபாவளிக்கும் பழைய கந்தல்தான் என்றால் கொட்டகையை அவருக்கே கொடுத்துவிடுவதாக ராவுத்தர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தோணியாவது எங்கேயாவது போய் ஆபரேட்டராகச் சேர்ந்துகொள்வார். கொப்பரைக் கிடங்கில் கண்ணாடிப் பெட்டிக்கு என்ன வேலை? ஆகவே என் பிழைப்பு என் கேமராவிடம் வந்து நின்றது. இருட்டில் எடுக்க ஃபிளாஷ் பல்பு வேண்டும். ஒரு பல்பு ஒரே ஒரு தடவைதான் எரியும். என்னிடம் இருந்தவை மூன்று. ராவுத்தர் என் தோளில் கைவைத்தார்: "நடேசா, உன் கேமரா இதுவரைக்கும் எங்க வீட்டுச் சுன்னத்துப் புள்ளைங்களைத்தான் அழ வச்சிருக்கு. என்னை அழ வச்சிடாதே."

முதல் பல்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு நல்ல கூட்டம். படத்துக்காக அல்ல, வெளியே மழை. எதுவாக இருந்தால் என்ன, பெஞ்சு நிறைந்திருந்தது. கொட்டகையின் பின்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றேன். அங்கிருந்து எடுத்தால்தான் ஆளும் தெரியும், திரையும் தெரியும். சொல்லாமல் எடுத்திருக்கலாம். என் அப்பா என்னை மரியாதை தெரிந்தவனாக வளர்த்துவிட்டார். "எல்லாரும் அப்படியே இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

சொன்னதுதான் தாமதம், கொட்டகை காலியானது. யாரும் வெளியே போகவில்லை. எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள். வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்த கிளார்க் ஒருவர், கடனை வாங்கிவிட்டு ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்ன ஒருவர், ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்திருந்த அப்பாவும் மகனும் (பெஞ்சுக்கு அடியில்தான் சந்தித்துக்கொண்டார்கள்). "பின்னாலேருந்துதானே எடுக்கிறேன், முகம் தெரியாதுங்க!" என்று கெஞ்சினேன். "என் வழுக்கையை என் பெண்டாட்டிக்குத் தெரியாதா?" என்று ஒரு குரல் கேட்டது. பதற்றத்தில் என் விரல் அழுத்திவிட்டது. பளிச்! வரிசை வரிசையாகக் காலிப் பெஞ்சுகள் போட்டோவில் அழகாக விழுந்தன. என் காலடியிலேயே ஒரு பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்தார். "ஐயா, நீங்களாவது எழுந்திரிக்கக் கூடாதா?" என்றேன். துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது: "என்னைக் கேக்காதே தம்பி, நான் இப்ப ஜாலான் துக்காங் எமாஸ் புள்ளையார் கோயில்ல இருக்கேன்."

இரண்டாவது பல்பு

டவுன்காரர்கள் கள்ள மனசுக்காரர்கள், தோட்டத்து ஜனங்கள்தான் வெள்ளை மனசுக்காரர்கள் என்று முடிவு செய்தேன். ஒரு தோட்டத்துக் கங்காணியைப் பிடித்து, "ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் லோரியில ஏத்திக் கொண்டாங்க. படம் பார்க்கலாம். எல்லாரையும் ஒரு போட்டோவும் எடுக்கப்போறோம்" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலம் இன்னும் முழுசாக முடியாத நேரம் அது. 'எல்லாரையும் போட்டோ எடுக்கப்போறோம்' என்று அதற்கு முன்னால் தோட்டத்துக்கு வந்து சொன்னவர்கள் சர்க்கார் ஆட்கள்தான். எடுத்தது ஐசிக்கு, அதாவது அடையாளக் கார்டுக்கு.

இரண்டு லோரி நிறைய ஜனம் வந்து இறங்கியது. பார்த்ததும் எனக்கு ஆனந்தக் கண்ணீர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், யாரும் சொல்லாமலே வரிசையாக உள்ளே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை, பேசவில்லை, கச்சான் கடலை கொறிக்கவில்லை. நல்ல ஒழுங்கு என்று மெச்சிக்கொண்டேன். படம் ஓடத் தொடங்கியதும் ஸ்டூலில் ஏறி, "தயாரா?" என்றேன். கொட்டகை முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்து என் பக்கம் திரும்பியது. தொப்பிகள் கழன்றன. ஆளுக்கொரு ஐசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் என்னைப் பார்த்தார்கள். திரை இவர்களுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. "உட்காருங்க, உட்காருங்க" என்று கையை ஆட்டினேன். ஆட்டிய கை பட்டு பல்பு எரிந்துவிட்டது. கழுவிப் பார்த்தால் மலாயாவிலேயே பெரிய கைதிக் கூட்டத்தின் படம்போல இருந்தது. அன்று படம் முடிந்து எல்லாரும் லோரி ஏறிய பிறகும் ஒருவர் மட்டும் பெருவிரலை நீட்டியபடி என் பின்னாலேயே சுற்றினார்: "மை டப்பா எங்க தம்பி? விரலு வைக்காம போயிட்டா நாளைக்கு எனக்குத்தானே ரோதனை?"

மூன்றாவது பல்பு

மீதி ஒரு பல்பு. தீபாவளிக்கு இரண்டு வாரம். கொப்பரைக்காரர் வெற்றிலை போடுகிற சாக்கில் தினமும் வாசலில் வந்து நின்றார். நான் சோறு இறங்காமல் கண்ணாடிப் பெட்டி அருகே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து காக் லெட்சுமி விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என் ஜனங்களுக்குப் போட்டோ என்றால் ரொம்பப் பிடிக்கும். சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு அத்தனை குடும்பமும் வரும். நீ தலைசீவிக்கொண்டு வா, அது போதும்" என்றார்.

வந்தார்கள். காஜா பேராங்கே வந்தது. பட்டு, கெபாயா, தங்கத் தோடு, ஆண்கள் தலையில் மடிப்புக் கலையாத கட்டு. ஒரு குடும்பம் சின்ன மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு குடும்பம் பூச்சாடி கொண்டுவந்தது. ஒருவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தால் பக்கத்தில் மேசை, மேசைமேல் பூச்சாடி, பின்னால் கடிகாரம் இருக்கும். ஆகவே போட்டோ என்றால் அவை வேண்டும். சரி, நிறைந்துவிட்டதே, வைத்துக்கொள்ளட்டும் என்று ஸ்டூலில் ஏறினேன். காக் லெட்சுமி திரும்பிப் பார்த்தார். "நீ பின்னால் நின்று எடுத்தால் எங்கள் கொண்டைதானே விழும்?" என்றார். "ஆமாம் காக், அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்." கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. காலையிலிருந்து பவுடர் பூசியது கொண்டைக்கா? அடுத்த நிமிஷம் எல்லாரும் எழுந்தார்கள். எங்கள் பெஞ்சுகள் தரையில் ஆணி அடிக்காதவை. அத்தனை பெஞ்சும் தடதடவென்று திரும்பின. மூத்தவர்கள் முன்வரிசை, மருமகள்கள் பின்வரிசை, குழந்தைகள் தரையில், நடுவில் மேசை, பூச்சாடி, கடிகாரம். எல்லார் முகத்திலும் ஒரே புன்னகை. அவர்கள் தலைக்கு மேலே, யாரும் பார்க்காத திரையில், கதாநாயகன் தாயின் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதுகொண்டிருந்தான். ஆளும் தெரிந்தது, ஓடுகிற படமும் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அந்தோணி மேலே இருந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: "யாராச்சும் ஒருத்தராச்சும் படத்தைப் பாருங்கய்யா! அவன் தனியா அழுதுக்கிட்டு இருக்கான்!"

சிங்கப்பூர்க்காரர் போட்டோ பார்க்கிறார்

ஏஜெண்ட் வந்தார். ராவுத்தர் மூன்று போட்டோக்களையும் மேசைமேல் வைத்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார். இரண்டை ஒளித்துவிடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். வியாபாரத்தில் எதையும் ஒளிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதுவரை அந்தக் கொள்கை எனக்குப் பிடித்திருந்தது.

ஏஜெண்ட் காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார், தள்ளி வைத்தார். ஐசிக் கூட்டத்தைப் பார்த்தார், தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடிகாரத்தின்மேல் விரல் வைத்து, "இது என்னா?" என்றார். "கடிகாரம்" என்றேன். "ஓடுற படம் நான் அனுப்பினதா?" "நீங்க அனுப்பினதுதான், எட்டு ஊர் ஓடி வந்தது." மறுபடியும் பார்த்தார். எனக்குக் கொப்பரை வாடையே மூக்கில் அடித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே வெட்கப்பட்டவர்போல ராவுத்தரைப் பார்த்துச் சொன்னார்: "பாய், திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இத்தனை ஜனம் இத்தனை சந்தோஷமா உக்காந்திருக்குன்னா, நான் அனுப்பின பிரிண்டு எவ்வளவு கேவலமா இருந்திருக்கணும்! தீபாவளிக்குப் புதுசு அனுப்புறேன், மன்னிச்சிடுங்க."

தீபாவளி

புதுப் பிரிண்டு வந்தது. பெட்டியைத் திறந்தபோது அந்தோணி கத்தரிக்கோலைத் தூக்கி அலமாரிமேல் எறிந்துவிட்டு, ரீலை இரண்டு கைகளாலும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். தீபாவளியன்று காலையிலேயே வாசலில் கூட்டம். தோட்டத்து லோரிகள், டவுன்காரர்கள், செட்டிக் குடும்பங்கள், எதிர்க்கடைச் சீனர், கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்து தானும் உள்ளே உட்கார்ந்துவிட்ட மலாய்ப் போலீஸ்காரர். பெஞ்சு நிறைந்து, தரை நிறைந்து, சுவரோரம் நின்றார்கள். புது உடுப்பு வாசனையும் பூ வாசனையும் சேர்ந்து கொட்டகையே மணத்தது. படம் ஓடத் தொடங்கியதும் யாரும் திரும்பவில்லை, யாரும் குனியவில்லை, யாரும் எழவில்லை. அத்தனை முகமும் திரையைப் பார்த்திருந்தது. வேலை பிழைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை பேர் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் சிரிப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

ராவுத்தரும் வந்து, என் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே, "கேமரா எங்க நடேசா?" என்றார். "பல்பு தீர்ந்துபோச்சு மொதலாளி. தீபாவளிக்குக் குடும்பப் போட்டோ எடுக்க எல்லாரும் வாங்கிட்டாங்க. டவுன் பூராத் தேடிட்டேன், ஒண்ணுகூட இல்லை" என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நிறைந்திருந்த கொட்டகையைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நல்லதாப் போச்சு, விடு. பளிச்சுனு ஒண்ணு அடிச்சேன்னா அத்தனை பேரும் திரும்பிடுவாங்க."

பழைய கொட்டகைகளின் சரித்திரம் எழுதுகிறோம், போட்டோ இருந்தால் கொடுங்கள் என்று இப்போது யாராவது என்னிடம் வந்தால், போட்டோ எடுத்த மூன்று நாளும் யாரும் படம் பார்க்கவில்லை, எல்லாரும் படம் பார்த்த அன்றைக்குப் போட்டோ எடுக்கவில்லை என்பதுதான் எங்கள் கொட்டகையின் முழுச் சரித்திரம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.